செனட் ஹவுஸைத் திறந்து வைத்தால் உள்ளே யார் இருப்பது?

மணிக்கூண்டு

2019 பிப்ரவரி, மார்ச்சில் சென்னை போட்டோ பியனாலே என்ற புகைப்பட விழா நடந்தபோது சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸுக்குள் போக வாய்த்தது. அதற்கு முன்னால் எத்தனையோ வருடமாக காமராஜர் சாலையில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. நான்கு மூலையிலும் குவிமாடக் கோபுரம், நடுவில் பெரிய கூடம். வெளியிலிருந்து பார்த்தால் பள்ளிவாசலா, அரண்மனையா, ரயில் நிலையமா என்று முடிவு செய்ய முடியாது.

உள்ளே போனதும் புகைப்படங்களை விட்டுவிட்டுத் தரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கிச் சிவப்பும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகக் கிடந்தது. ஒரு சின்னப் பெண் அந்தச் சிவப்புத் திட்டில் செருப்புக் காலை வைத்துப் பார்த்தாள். எடுத்ததும் செருப்பில் நிறம் ஒட்டவில்லை என்று அம்மாவிடம் புகார் சொன்னாள்.

என் கேள்வி இதுதான். பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டை ஒட்டி 2006, 2007 வாக்கில் அந்தக் கட்டடத்தைப் புதுப்பித்தார்கள். அதற்குப் பிறகும் அது தினமும் ஆள் புழங்கும் இடமாக ஆகவில்லை. ஏதாவது விழா, கண்காட்சி என்றால்தான் திறப்பு. இதை என்ன செய்யலாம்? அருங்காட்சியகம், நூலகம், வேறு ஏதாவது? இங்கே விஷயம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

கூவக்கரை

நல்ல கேள்வி. ஆனால் "ஏன் பழையபடி புழக்கத்தில் இல்லை" என்ற தொனி அதில் இருக்கிறது. பழையபடியும் அது தினசரிப் புழக்கத்தில் இருந்த கட்டடம் இல்லை. அங்கிருந்து ஆரம்பித்தால்தான் பேச்சு தெளிவாகும்.

சென்னை, பம்பாய், கல்கத்தா மூன்று பல்கலைக்கழகங்களும் 1857ல் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்துத் தொடங்கியவை. அந்த மாதிரியில் பல்கலைக்கழகம் பாடம் நடத்தாது. பாடம் நடப்பது கல்லூரிகளில். பல்கலைக்கழகம் தேர்வு வைக்கும், பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒரு அமைப்புக்கு வகுப்பறை தேவையில்லை. வருடத்தில் சில நாள் தேர்வு எழுதவும், பட்டமளிப்பு நடத்தவும் பெரிய கூடம் போதும். செனட் ஹவுஸ் அந்தக் கூடத்தைச் சுற்றி எழுந்த கட்டடம். 1,600 பேர் கொள்ளும் மண்டபம். கல்யாண மண்டபம் போல: முகூர்த்த நாளில் கூட்டம், மற்ற நாளில் காவலாளி.

1904 சட்டமும் 1923 சட்டமும் வந்து பல்கலைக்கழகமே பாடம் நடத்தலாம், ஆராய்ச்சி செய்யலாம் என்றான பிறகு, அந்தத் துறைகள் எல்லாம் வேறு வேறு கட்டடங்களுக்குப் போயின. மண்டபம் மண்டபமாகவே நின்றது.

கட்டிய கதையும் சுவையானது. 1864ல் மாநிலக் கல்லூரிக்கும் செனட் ஹவுஸுக்கும் சேர்த்து வடிவமைப்புப் போட்டி அறிவித்தார்கள். அப்போது வங்காளத்தில் வேலை பார்த்த ராபர்ட் ஃபெலோஸ் சிஸம் அதில் வென்றார். வயது இருபத்தைந்துகூட நிரம்பவில்லை. முதலில் மாநிலக் கல்லூரியைக் கட்டி 1870ல் முடித்தார். அது பெரிதும் இத்தாலியப் பாணி. அதற்குள் ஆளுநர் நேப்பியரின் செல்வாக்கும், பக்கத்திலேயே இருந்த ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையும் சேர்ந்து அவர் மனதை மாற்றிவிட்டன. செனட் ஹவுஸ் வேறு மாதிரி ஆனது. 1874 ஏப்ரலில் வேலை தொடங்கி 1879ல் முடிந்தது. பைசாந்தியச் சாயல் கொஞ்சம், மிச்சமெல்லாம் இந்தோ-சாரசனிக், அதாவது இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கட்டடக்கலை கலந்த பாணி.

வரைபடத்தில் பாருங்கள்: நடுவில் அரண்மனை, தெற்கே மாநிலக் கல்லூரி, வடக்கே செனட் ஹவுஸ். ஒரே ஆளின் இரண்டு கட்டடம், இடையில் அவர் மனம் மாறியதற்குக் காரணமான மூன்றாவது.

ஏட்டுச்சுரைக்காய்

ஒரு சின்னச் சேர்க்கை. 'தினசரிப் புழக்கம் இல்லை' என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அது பல்கலைக்கழக வேலையும் இல்லை. 1937ல் மாகாணத் தன்னாட்சி வந்து சென்னை மாகாணத்துக்கு புதிய சட்டமன்றம் அமைந்தபோது, அதன் கூட்டம் நடந்த இடம் செனட் ஹவுஸ். 1937 ஜூலை 14 முதல் டிசம்பர் 21 வரை. ராஜாஜி பிரதமர் (அப்போது மாகாண முதல்வருக்கு அந்தப் பெயர்தான்). மதுவிலக்குச் சட்டம் அந்த வருடம்தான் வந்தது. அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் அமலானது. 1938 ஜனவரியில் சட்டமன்றம் விருந்து மண்டபத்துக்கு மாறிவிட்டது, இப்போதைய ராஜாஜி ஹால்.

ஆக, மறுபயன்பாடு என்று நாம் பெரிய வார்த்தையில் பேசுவதை அன்றைக்கே செய்திருக்கிறார்கள், ஒரு குழுவும் அமைக்காமல். பட்டமளிப்புக் கூடத்தில் சட்டமன்றம், விருந்து மண்டபத்தில் சட்டமன்றம். நாற்காலியை மாற்றிப் போட்டால் போதும் என்ற மனநிலை.

கணக்குப்பிள்ளை

எல்லாம் சரி. பணம் யார் கொடுப்பார்கள்? நான் கட்டட வெறுப்பாளன் இல்லை. ஆனால் பாரம்பரியம் என்று சொன்னதும் கண் கலங்கும் கூட்டம், மின்சார பில்லைக் காட்டியதும் காணாமல் போய்விடும். 1,600 பேர் கூடம் என்கிறீர்கள். இன்றைய தீயணைப்பு விதிப்படி வெளியேறும் வழிகளைக் கணக்கிட்டால் அந்த எண்ணிக்கையே குறையும். கழிப்பறை எங்கே? சக்கர நாற்காலிக்கு வழி எங்கே? ஏசி இல்லாமல் மே மாதத்தில் யார் உட்காருவார்கள்?

நவீனமாக ஒரு மண்டபம் கட்டுங்கள், பழையதை வெளியிலிருந்து படம் எடுக்க விடுங்கள். அதிலும் மரியாதை இருக்கிறது.

மாட்டுங்கா

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் சொன்னதைக் கல்கத்தாவில் செய்து பார்த்துவிட்டார்கள். மூன்று பல்கலைக்கழகங்களும் ஒரே வருடத்துப் பிள்ளைகள் என்று கூவக்கரை சொன்னாரே, மூன்றின் மண்டபமும் மூன்று விதமாக ஆனது.

கல்கத்தா செனட் ஹவுஸ் 1870களின் தொடக்கத்தில் எழுந்தது. வால்டர் கிரான்வில் வடிவமைப்பு, முகப்பில் பெரிய தூண் வரிசை. 1960ல் அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் நூற்றாண்டு நினைவுக் கட்டடம் கட்டினார்கள். நூறு வயது ஆனதைக் கொண்டாட ஆரம்ப காலத்து மண்டபத்தை இடிப்பது! சென்னை தன் 150ஐக் கொண்டாட மண்டபத்தைப் புதுப்பித்தது. அந்த அளவில் சென்னைக்கு ஒரு கும்பிடு.

பம்பாய் கதை வேறு. பட்டமளிப்பு மண்டபம் 1874ல் முடிந்தது. ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் லண்டனில் உட்கார்ந்து வரைந்தார், ஊரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. பக்கத்தில் ராஜாபாய் கோபுரமும் நூலகமும் 1878ல். பிரேம்சந்த் ராய்சந்த் என்ற வணிகர் தன் அம்மா பெயரில் கொடுத்த பணம். 2018ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்த மும்பை விக்டோரியன் காதிக், ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டடத் தொகுப்பில் இவை அடக்கம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மண்டபத்தோடு ஒட்டி நூலகம் இருக்கிறது. மண்டபம் வருடத்துக்குச் சில நாள்தான் திறந்தாலும் நூலகத்துக்காக ஆள் வந்து போனார்கள். ஓடு விலகினால் யார் கண்ணிலாவது படும். சென்னையில் செனட் ஹவுஸ் தனியாக நிற்கிறது, அதுதான் வித்தியாசம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முட்டைப்பூச்சு

இருபது வருடமாகப் பழைய கட்டட வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுங்கா நண்பர் சொன்ன கடைசி விஷயம்தான் எங்கள் தொழிலில் பாதி. சுண்ணாம்புக் கட்டடம் பூட்டி வைத்தால் கெடும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். கதவு ஜன்னல் திறந்து காற்று ஓடினால் வாங்கிய ஈரத்தை விட்டுவிடும். பூட்டினால் ஈரம் உள்ளேயே நிற்கும், உப்பு பூக்கும், பூச்சு பொரியும். கடற்கரையில் என்றால் கேட்கவே வேண்டாம். காற்றிலேயே உப்பு. கல்லுக்குள் செருகிய இரும்புக் கம்பி, கொக்கி எதுவானாலும் துருப்பிடித்து உப்பும்போது சுற்றியுள்ள கல்லையே பிளந்துவிடும்.

என் கையில் நடந்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஒரு பழைய கல்லூரிக் கட்டடம், பெயர் வேண்டாம். கீழ்ச்சுவரில் ஓதம். அப்போது நான் கற்றுக்குட்டி. நிர்வாகம் அவசரப்படுத்தியது, ஒப்பந்தக்காரர் சிமெண்ட் பூச்சு போதும் என்றார், நானும் தலையாட்டினேன். முதல் மழைக்கு ஒன்றுமில்லை, எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் ஓதம் சிமெண்டைத் தாண்டி மேலே ஏறி, ஆறடி உயரத்தில் புதிதாகப் பூத்திருந்தது. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. ஈரத்துக்கு வழி வேண்டும், மேலே போயிற்று. சிமெண்டைக் கொத்தி எடுக்கும்போது பின்னால் இருந்த செங்கல் முகமும் சேர்ந்து வந்தது. நூறு வருடம் தாங்கிய செங்கல், மாவு மாதிரி கையில் உதிர்ந்தது. அதற்கப்புறம் சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டைத் தொடுவதில்லை.

பழைய முறையில் சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊற வைத்து, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் சேர்ப்பார்கள். மேல்பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, அதைக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி கொண்டுவருவது. தேய்க்கிற ஆள் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போனால் அந்த இடம் திட்டாகத் தெரியும். அவ்வளவு நுணுக்கம்.

கணக்குப்பிள்ளை சார் கேட்ட ஏசிக்கு வருகிறேன். பெரிய கூடம் முழுக்க ஏசி போடாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். உள்ளே குளிர், வெளியே கடற்கரைப் புழுக்கம் என்றால் ஈரம் போய்த் தங்குவது சுவரில்தான். அதுவும் நிகழ்ச்சி நாளில் மட்டும் போட்டு, மறுநாள் நிறுத்தினால் இன்னும் மோசம். இந்தக் கூடங்களின் உயரமும் மேல் ஜன்னல்களும் சுற்று வராந்தாவும் காரணமில்லாமல் வைத்ததில்லை. சூடு மேலே ஏறி வெளியேற வழி இருக்கிறது, அதைத் திறந்து வைக்க ஆள் இருந்தால். கழிப்பறையைக் கட்டடத்துக்குள் வைக்காமல் தள்ளித் தனியாகக் கட்டலாம். சாய்தளமும் கல்லில் ஓட்டை போடாமல் தனிச் சட்டகத்தில் வைக்கலாம், வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். இதெல்லாம் தீர்க்கக்கூடியவை.

கணக்குப்பிள்ளை

முட்டைப்பூச்சு அண்ணே, தொழில் விஷயத்தில் உங்களிடம் வாதாட மாட்டேன். ஆனால் 'திறந்து வைக்க ஆள் இருந்தால்' என்று போகிற போக்கில் சொன்னீர்களே, அதுதான் என் கேள்வியே. அந்த ஆளுக்குச் சம்பளம்?

ஊர்சுற்றி

ஆளைத் தேடாமல் வேலையைத் தேடினால் ஆள் தானாக வருவான்.

சென்னைக்கு மாதிரியாக இருந்த லண்டன் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கட்டடம் என்ன ஆயிற்று என்று யாராவது யோசித்தீர்களா? ஜேம்ஸ் பென்னிதார்ன் வடிவமைத்து, பர்லிங்டன் கார்டன்ஸில் 1870ல் விக்டோரியா ராணி திறந்த கட்டடம். அதுவும் தேர்வுக் கூடம்தான். முப்பதே வருடத்தில் பல்கலைக்கழகம் காலி செய்துவிட்டது. அடுத்து வந்தது சிவில் சர்வீஸ் கமிஷன். பெரிய தேர்வுக் கூடம் சும்மா கிடக்கிறது, அரசு வேலைக்குத் தேர்வு நடத்துகிறவர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இதைவிடப் பொருத்தமான குடித்தனக்காரர் கிடைப்பாரா! 1970 முதல் 1997 வரை பிரிட்டிஷ் மியூசியத்தின் மானுடவியல் பிரிவு. இப்போது ராயல் அகாடமி கையில். 2018ல் பின்பக்கத்துப் பழைய கட்டடத்தோடு ஒரு பாலம் போட்டு இணைத்தார்கள்.

இன்னொன்று இத்தாலியில் பொலோன்யா. ஆர்க்கிஜின்னாசியோ என்ற கட்டடம் 1563 முதல் 1803 வரை பல்கலைக்கழகத்தின் இருப்பிடம். இன்று நகராட்சி நூலகம். சுவர் முழுக்க மாணவர்களின் குலச்சின்னங்கள், ஆயிரக்கணக்கில். பிணத்தை அறுத்துப் பாடம் சொல்ல மரத்தாலான ஒரு உடற்கூறு அரங்கம் அங்கே உண்டு. 1944 ஜனவரியில் குண்டு விழுந்து நொறுங்கிப்போனது. இடிபாட்டில் கிடைத்த மரத்துண்டுகளையும் சிற்பங்களையும் பொறுக்கியெடுத்து மறுபடி கட்டினார்கள். அந்த நூலகத்துக்குப் புத்தகம் எடுக்க வருகிறவர்களுக்குத் தாங்கள் பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பெல்லாம் இருக்காது. புத்தகம் வேண்டும், வருகிறார்கள்.

கூவக்கரை

அவ்வளவு தூரம் போக வேண்டாம், வாலாஜா சாலையைத் தாண்டினாலே உதாரணம் இருக்கிறது. சேப்பாக்கம் அரண்மனையின் கலஸ் மஹால். நவாபின் வாரிசுரிமை 1855ல் முடிந்த பிறகு அரண்மனை அரசின் கைக்கு வந்து அலுவலகங்கள் ஆனது. அரண்மனையின் இரண்டு பகுதிகளுக்கு நடுவே கோபுரம் சேர்த்ததும் இதே சிஸம்தான். 2012 ஜனவரியில் கலஸ் மஹால் தீப்பிடித்தது. தீயணைப்புத் துறையில் உயிரிழப்பே நேர்ந்தது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. கடைசியில் பொதுப்பணித்துறை அதைச் சுண்ணாம்பு வேலையோடு சீரமைத்தது. இன்று அங்கே இருப்பது சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. வக்கீல்கள் கோப்போடு வந்து போகிறார்கள். அங்கே விளக்கு எரியாமலிருந்தால் அன்றைக்கே ஒருவர் கேட்பார்.

ஏட்டுச்சுரைக்காய்

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலில் பெயர் வந்துவிட்டால் காப்பாற்றியாயிற்று என்று நினைக்கிறோம். தமிழ்நாட்டுக்குப் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012லேயே வந்தாயிற்று. சட்டம் இடிப்பதைத் தடுக்கும். ஒழுகுவதைத் தடுக்காது. ஒழுகல்தான் பெரும்பாலும் கொல்கிறது.

மணிக்கூண்டு

கேட்டது ஒன்று, கிடைத்தது பத்து. எல்லோருக்கும் நன்றி.

நான் அருங்காட்சியகம் என்ற எண்ணத்தோடுதான் இழையைத் தொடங்கினேன். இப்போது அதில் சந்தேகம் வந்துவிட்டது. அருங்காட்சியகமும் ஒரு வகையில் மண்டபம்தான். திறப்பு விழாவுக்குக் கூட்டம், மூன்றாம் மாதம் காவலாளி. அதைவிடச் சாதாரணமான ஒன்று. சுற்று வராந்தாவை ஒட்டிய அறைகளில் பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு சின்ன அலுவலகம், பழைய ஆவணங்கள் பார்க்கும் அறை, ஆராய்ச்சி மாணவர்கள் உட்கார்ந்து படிக்கும் இடம். பெரிய கூடம் கூடமாகவே இருக்கட்டும், அதற்கு வேலை வரும்போது வரட்டும். அறைகளில் தினம் பத்துப் பேர் இருந்தால் போதும். கணக்குப்பிள்ளை சார், எப்படியும் சம்பளம் வாங்குகிற பத்துப் பேர். இடம் மாறுவதற்குத் தனிச் செலவு இல்லை.

கணக்குப்பிள்ளை

இதை ஏற்கிறேன். முக்கால்வாசி ஏற்கிறேன். மேசையைப் போட ஆணி அடிப்பார்கள், ஒயர் இழுப்பார்கள், பீரோவைச் சித்திரம் எழுதிய தூண் மேல் சாய்ப்பார்கள். அதற்கு என்ன செய்வீர்கள்?

முட்டைப்பூச்சு

ஆணி அடித்தால் ஆணி அளவு ஓட்டை, சார். சுண்ணாம்பு வைத்து அடைத்துவிடலாம். தூணிலிருந்து பீரோவை ஒரு முழம் தள்ளிப் போடச் சொல்லித் தரையில் கோடு கிழித்தால் கேட்பார்கள். எனக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை.

எனக்குப் பயம் மேல்தளத்தைப் பற்றித்தான். இந்த வயதுக் கட்டடங்களில் முதலில் சுவரைப் பார்க்க மாட்டேன், மொட்டைமாடிக்குப் போய் மழைநீர்க் குழாய் வாயைப் பார்ப்பேன். காக்கை எச்சத்தில் ஒரு அரச விதை விழுந்திருக்கும். இரண்டு இலை விட்டிருக்கும்போது விரலால் கிள்ளி எடுத்துவிடலாம், அரை நிமிட வேலை. இரண்டு மழைக்காலம் விட்டால் வேர் தளத்தில் பதித்த தட்டோட்டுக்கு அடியில் இறங்கி செங்கல் ஜல்லிக்குள் போய்விடும். அப்புறம் தளத்தைப் பிரித்தால்தான் வேர் வரும். மேலே வெட்டிவிட்டு ஆசிட் ஊற்றினோம் என்பார்கள், நம்பாதீர்கள், மறுபடி துளிர்க்கும்.

மணிக்கூண்டு தம்பி சொல்கிற பத்துப் பேரில் ஒருவருக்காவது மாடிச் சாவியைக் கொடுக்கச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை மேலே போய் வரட்டும். நான் பார்த்த முக்கால்வாசி இடத்தில் மாடிக் கதவுக்குப் பூட்டு இருக்கும், சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவர் பெயரைச் சொல்வார்.